எல்லையில் முளைத்த குளிர்தாங்கி

எங்கள் சில்கால்னி ஊரில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் போதும். வீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கல்லறை மணலில் நாலு பைன் ஊசியிலை உதிர்ந்து கிடந்தால் மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விடும். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களில் முதல் ஆள் நான்தான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஊர் வம்பு அத்தனையும் ஓட்டுநர் இருக்கையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

என் பெயர் மில்டா. வயது ஐம்பத்தொன்பது. கணவர் வில்னிஸ் போய் ஆறு வருடமாகிறது. நல்ல மனுஷன். சத்தமாகக் குறட்டை விடுவார், அதைத் தவிர அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பைன் காட்டுக்குள் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், வேலியிலிருந்து மூன்றாவது வரிசையில் படுத்திருக்கிறார்.

ஒவ்வொரு குடும்பத்து இடத்துக்கும் ஆற்றங்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்புவோம். மரப்பல் வைத்த வாரியால் அதை வாருவோம். கல்லருகே தொடங்கி, பின்னாலேயே நடந்து, வைத்த காலடியை உடனுக்குடன் அழித்துக்கொண்டே பாதைக்கு வந்துவிட வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால், ஊசியிலைக் கிளை ஒன்றை மணலில் அழுத்தி எடுத்தது போல வரிவரியாக இருக்கும். பறவை இறங்கி வாரினதோ என்று நினைக்கும்படி ஒரு தடமும் இருக்கக் கூடாது.

பக்கத்து இடத்துக்கும் நம் இடத்துக்கும் நடுவில், வாரியின் காம்பால் ஒரு கோடு இழுப்போம். அந்தக் கோடு முக்கியம். கோடு இருந்தால் இரண்டு குடும்பம். கோடில்லாமல் இரண்டு இடமும் ஒரே வாரலாக ஓடினால் ஒரே குடும்பம். கலப்பைக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி இருவர் பத்து வருடம் கழித்து ஒன்று சேர்ந்ததை ஊருக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வாரும் அப்பா கல்லறைக்கும் தம்பி வாரும் அம்மா கல்லறைக்கும் நடுவில் இருந்த கோடு இல்லை, அவ்வளவுதான். மனசில் இருப்பதைச் சொல்ல வாய் வராத ஜனங்கள் நாங்கள். பால் பண்ணை ஐனா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்பதையும் நான் மணலில் படித்துத்தான் பஸ்ஸில் அறிவித்தேன். அந்த மாப்பிள்ளைக்கே சேதி என் பஸ்ஸிலிருந்துதான் போனது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

எங்கள் இடத்துக்குப் பக்கத்து இடம் லைமோனிஸுடையது. அவர் மனைவி ஆஸ்ட்ரா இறந்து நாலு வருடம். லைமோனிஸ் காட்டிலாகாவில் மரம் எண்ணிக் குறியிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நீளமான ஆள். பேச்சு மட்டும் நீளம் கிடையாது. சனிக்கிழமை காலையில் நான் வாரப் போகும்போது அவரும் வந்திருப்பார். முதல் வருடம் தலையசைப்போம். இரண்டாம் வருடம் ஒரே பூவாளியில் தண்ணீர் பிடித்தோம். மூன்றாம் வருடம் என் பிளாஸ்கிலிருந்து அவருக்கும் காப்பி ஊற்றினேன். இந்த வேகத்தில் போனால் நூறு வயதில்தான் கை குலுக்குவோம் என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு.

அந்த மூன்றாம் வருடம் வசந்தத்தில், வில்னிஸின் மணலில் எல்லையோரமாக ஒரு செடி முளைத்திருந்தது. மூன்றே இலை. பேரி மரத்து இலை போல உருண்டையாக, தோல் மாதிரி தடித்து, பளபளவென்று. கல்லறை மணலில் எது முளைத்தாலும் அது களை என்பதுதான் எங்கள் வேதம். குனிந்து பிடித்துவிட்டேன்.

"அதப் புடுங்காதீங்க," என்றார் லைமோனிஸ். அதற்குமுன் அவர் என்னிடம் எதையும் செய்யாதே என்று சொன்னதில்லை.

"ஏன், உங்க சொந்தமா?"

"குளிர்தாங்கி அது. காட்டுல பாசிக்கு நடுவுல இருக்குமே. பனிக்கு அடியிலயும் பச்சையாவே கெடக்கும்."

"காட்டுல இருக்கட்டும். இங்க எதுக்கு?"

"நம்ம கூப்ட்டா வராது. தானா வந்திருக்கு." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "வெத தூசி மாதிரி இருக்கும். மண்ணுக்குள்ள ஒரு பூஞ்சண நூல் இருக்கு. அதுகூடச் சேந்தாத்தான் மொளைக்கும். மொளைச்சாலும் பூக்க வருஷக்கணக்காகும். நான் நாப்பது வருஷம் காட்டுல நடந்திருக்கேன், வெறும் மணல்ல இது வந்து பாத்ததில்ல."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். சரி, மூன்று இலைதானே, கிடக்கட்டும் என்று சுற்றி வாரிவிட்டு வந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட புத்தி. முடியாது என்று யாராவது சொன்னால் செய்து பார்க்காமல் தூக்கம் வராது. அடுத்த மாதம் செடி வேர்விட்டுப் பரவி ஏழெட்டு இலையாகியிருந்தது. லைமோனிஸ் வராத ஒரு புதன்கிழமை போய், கரண்டியால் இரண்டு கன்றைக் கிளறி எடுத்து, என் வீட்டு ஆப்பிள் மரத்தடியில் வைத்து, மாட்டு எரு போட்டு, ராஜோபசாரம் செய்தேன். மூன்று வாரத்தில் கறுத்துச் சுருண்டு செத்துப்போயின. சனிக்கிழமை கல்லறைக்குப் போனபோது நான் தோண்டின குழி இல்லை. காட்டுக் கறுப்பு மண்ணால் யாரோ நிரப்பி, மேலே மணல் தூவி, ஒன்றும் நடக்காதது போல வாரி வைத்திருந்தார்கள். லைமோனிஸ் பூவாளியோடு நின்றார். என்னைப் பார்த்தார். காப்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது. குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஆளை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை. நானே அப்படிப்பட்டவள் இல்லையே.

அதன்பின் செடி தன் பாட்டுக்கு மண்ணுக்கடியிலேயே வேரோடி எல்லையைத் தாண்டி அவர் பக்கமும் தலைகாட்டியது. நடுவில் கிடந்த பழைய எல்லைப் பலகை இற்றுப்போயிருந்தது. அதை அவர் பெயர்த்து எடுத்துவிட்டார். நான் காம்பால் கோடு போடும்போது செடி இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டை நிறுத்தி, தாண்டிப்போய் மறுபடி தொடங்குவேன். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் அந்தச் சின்னத் திட்டைப் பார்த்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருப்போம். பேச்சு அதிகம் இருக்காது. எனக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. பஸ்ஸில் ஒரு வாரம் முழுக்கக் கேட்ட சத்தத்துக்கு அந்த ஒரு மணி நேரம் மருந்து.

இந்த வருடம் மே மாதம் அவர் என் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க வந்தார். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டே, முகத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வீட்டுல தெக்குப் பக்க அறை சும்மாதான் கெடக்கு. அடுப்பு நல்லா எரியும். நீங்க வந்து இருக்கலாம்."

"வாடகைக்கா?"

"இல்ல," என்றார். துண்டு முகத்தை விட்டு இறங்கவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கூடவே ஊரும் வந்து நின்றது. ஐனாவைப் பற்றி நான் பேசியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைவிடப் பயம் ஸெல்மாக்காவை நினைத்து. வில்னிஸின் அக்கா, என் நாத்தனார். தாயில்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தலைநகர் ரீகாவில் ஒரு பெரிய தையற்கூடத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள், ஆகவே கோணல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வருடத்துக்கு ஒருமுறை, ஜூலையில் ஊரே கூடி இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருவிழாவுக்கு வந்து, தம்பியின் மணலையும் என்னையும் மேலிருந்து கீழ்வரை பரிசோதித்துவிட்டுப் போவாள்.

"திருவிழா முடியட்டும். அப்புறம் பதில் சொல்றேன்," என்றேன் லைமோனிஸிடம்.

"அவசரமில்ல," என்றார். நாற்பது வருடம் மரம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டு மாதம் ஒரு பொருட்டா?

ஜூலை தொடங்கியதும் குளிர்தாங்கி முதன்முதலாகப் பூத்தது. பதினோரு தண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ஒவ்வொரு தண்டிலும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூ, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு சின்ன வளைந்த தண்டு, மணியின் நாக்கு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்க்க மண்டியிட வேண்டும். மண்டியிட்டால் மணல் கெட்டுவிடும். ஆகவே நாங்கள் முகரவில்லை. பாதையிலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

பெருமை தாங்காமல் ஒரு படம் எடுத்து ஸெல்மாக்காவுக்கு அனுப்பியது என் தப்பு. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"மில்டா, என் தம்பி மேல என்னது அது?"

"பூக்கா."

"களை. அந்தாண்ட ஆளு எடத்துலருந்து வந்திருக்கா?"

"இல்லக்கா, நம்ம எடத்துலருந்து அந்தாண்ட போயிருக்கு."

"எதுவா இருந்தாலும் நான் வரதுக்குள்ள புடுங்கிடு. ஜனங்க பாத்தா என்ன நெனப்பாங்க."

நான் பிடுங்கவில்லை. சனிக்கிழமை லைமோனிஸும் நானும் அவரவர் இடத்தை வாரினோம். நான் கோட்டை வழக்கம்போல மேலே பாதி, கீழே பாதி என்று ஆட்சேபணைக்கு இடமில்லாமல் இழுத்தேன். அன்று மாலை ஸெல்மாக்கா ரயிலில் வந்து இறங்கினாள். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, குளிர்ந்த பீட்ரூட் சூப்பில் கீரை கூடிப்போச்சு என்று ஒரு குறை சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை பட்ட மணலை மறுபடி வாரத்தான் வேண்டும், வேறு வழியில்லை. திருவிழா பிற்பகல் இரண்டு மணிக்கு. ஆனால் வெளியூர் ஜனங்களை ரயிலடியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர ஊர்ச்சபை என்னையும் என் பஸ்ஸையும் பிடித்துவைத்திருந்தது. இரண்டு நடை. நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதற்குள் ஓடிப்போய் வாரிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். என் கணக்கு அங்கேயே கவிழ்ந்தது.

இரண்டாவது நடையில் பஸ் நிறைய ஆள். போகிற வழியில் கைகாட்டின ஐனாவையும் அவள் புருஷனையும், என் வீட்டிலிருந்து ஸெல்மாக்காவையும் ஏற்றிக்கொண்டேன். அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மணல் என்னாச்சு, மணல் என்னாச்சு" என்று கேட்டபடி வந்தாள். மழைத்துளி குத்தின மணலோடு என் புருஷன் ஊர் பார்க்கக் கிடப்பார், கோடு வேறு கரைந்திருக்கும், என் மானம் கப்பலேறப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கல்லறைத் தோட்டத்து வாசலில் பிரேக்கை மிதித்தேன். மணி இரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.

முதலில் இறங்கினது ஐனாவும் அவள் புருஷனும். அவர்கள் குடும்ப இடம் எங்கள் வரிசையில்தான். நான் கடைசி ஆளையும் இறக்கிவிட்டுப் பூட்டிவிட்டு வருவதற்குள் ஐனா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா வாரியிருக்கு மில்டா," என்றாள். "ரொம்ப சந்தோஷம்."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

போய்ப் பார்த்தேன். மழையின் சுவடே இல்லை. வில்னிஸின் மணலும் ஆஸ்ட்ராவின் மணலும் அருமையாக வாரப்பட்டிருந்தன. வில்னிஸின் கல்லருகே தொடங்கிய வரி, செடித் திட்டைச் சுற்றி வளைந்து, ஓரிடத்திலும் அறுபடாமல் ஆஸ்ட்ராவின் கல்வரை போயிருந்தது. நடுவில் குளிர்தாங்கி பதினோரு தண்டோடு நின்றது. கோடு இல்லை. மேல் பாதியும் இல்லை, கீழ்ப் பாதியும் இல்லை.

பாதையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, பைன் மரத்து உச்சியில் ஏதோ இருப்பது போல நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அந்த அளவு நாகரிகம்கூடக் காட்டியிருக்க மாட்டேன்.

லைமோனிஸ் குழாயடியில் பூவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். திருவிழாச் சட்டை போட்டிருந்தார். முழங்கால் வரை ஈரம்.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"மழ வந்துச்சு. உங்க பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடுச்சு. நீங்க பஸ்ல இருந்தீங்க. பாத்துட்டு எப்பிடி விடறது, அதான் வாரினேன்."

"வாரினது சரி. கோடு எங்க?"

"கோடு போற எடத்துல மூணு தளிர் வந்திருக்கு. ஒண்ணு மேல, ரெண்டு கீழ. நேத்து மணலுக்கு அடியில இருந்திருக்கும். மழைக்குத் தல தூக்கியிருக்கு."

"ஊரு பூரா நின்னு பாக்குது லைமோனிஸ்."

அவர் அப்போதுதான் பாதையிலிருந்த கூட்டத்தைப் பார்த்தார். மெதுவாக அவர் காது சிவந்தது. மரத்தின் பட்டையைப் பார்த்து வயசு சொல்லுகிற மனுஷனுக்கு, தான் வாரின மணலில் தானே என்ன எழுதினோம் என்று தெரிந்திருக்கவில்லை.

"நான் இன்னும் பதில் சொல்லல," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"தெரியும்."

"நான் சொல்லாத பதில நீங்க மணல்ல எழுதி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டீங்க."

"அத நான் யோசிக்கவே இல்ல. பூவ மட்டுந்தான் பாத்தேன்."

எனக்கு ஒரு குணம் உண்டு. நான் போக நினைத்த ஊருக்கே என்னைப் பின்னாலிருந்து தள்ளினாலும் அங்கேயே நின்றுவிடுவேன். அந்த நிமிடம் முடியாது என்று சொல்லியிருப்பேன். நாக்கில் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் மறுவார்த்தை பேசாமல் தலையசைத்திருப்பார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வேறு நேரத்துக்கு வந்திருப்பார். அது முடிந்த கதையாகியிருக்கும்.

அவர் என்னை முந்திக்கொண்டார். "இப்பவே கோடு போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு வாரியை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் வாரியைத் தலைகீழாகப் பிடித்து, மணலில் கால் வைத்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் காம்பை ஊன்றி இழுத்தார். நேர்கோடு. நடுங்காத கை. முதல் தளிருக்கு ஒரு சாண் இருந்தது. அது கட்டைவிரல் நகம் அளவு இருந்தது, இன்னும் சுருள் விரியவில்லை. அவர் நிறுத்தவில்லை. நான் தடுக்க வேண்டும் என்று நடிக்கிற ஆளும் இல்லை அவர். இரண்டு வருடமாக அந்தச் செடிக்காகக் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தவர், என் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது என்பதற்காக அதைக் கீறிக்கொண்டு போகப்போகிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்புக் காலோடு மணலில் இறங்கி வாரிக் காம்பைப் பிடித்தேன்.

"போதும், விடுங்க."

"கோடு வேணும்னீங்களே."

"கோடு எங்கன்னு கேட்டேன். வேணும்னு சொல்லல."

இது சுத்தமான பொய். வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். இருந்தாலும் அந்த நேரத்தில் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லை.

அதற்குள் ஸெல்மாக்கா வந்து சேர்ந்துவிட்டாள். கறுப்பு உடை, கறுப்புக் குடை, முகத்தில் தையற்கூடத்து மேற்பார்வை. மணலைப் பார்த்தாள், எங்கள் இருவர் காலடியைப் பார்த்தாள், ஒரே காம்பைப் பிடித்திருந்த நாலு கையைப் பார்த்தாள்.

"அவர் கோடு போடட்டும் விடு," என்றாள். "களைக்காகவா நிறுத்துற?"

"களை இல்லக்கா."

"நானும் கண்ணு தெரியாதவ இல்ல, மில்டா. ஊரு என்ன பேசுதுன்னு வர வழியிலேயே கேட்டுட்டேன்." அவள் குடை நுனியால் வில்னிஸின் கல்லைச் சுட்டினாள். அதில் வில்னிஸின் பெயருக்குக் கீழே என் பெயரும், நான் பிறந்த வருடமும், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் வெட்டியிருக்கும். அவர் இறந்த வருடமே ஸெல்மாக்கா என்னைக் கேட்காமல் வெட்டச் சொன்னது. பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடிக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், ஆனால் இப்படி இடம் பிடித்தவள் அவள் ஒருத்திதான். "உன் பேரு இங்க இருக்கு. மறந்துடாத."

"மறக்கல. அழிக்கவும் சொல்லல," என்றேன். பஸ் ஓட்டுகிற குரல், பின்வரிசை வரை கேட்கும். "செத்ததுக்கு அப்புறம் வில்னிஸ் பக்கத்துல வந்து படுத்துக்கறேன். அதுவரைக்கும் இவர் வீட்டுல இருக்கேன். செப்டம்பர்ல போறேன்."

தூரத்தில் பேண்டு செட்டுக்காரர் ஒருவர் தன் வாத்தியத்திலிருந்து மழைத்தண்ணீரை ஊதி வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

லைமோனிஸ் தொண்டையைச் செருமினார். "ஆகஸ்ட்லயே வரலாம்," என்றார். "கூரை வேல பதினஞ்சாம் தேதிக்குள்ள முடிஞ்சிடும்."

நான் அடிக்குத் தயாராகத்தான் நின்றேன். ஸெல்மாக்கா குடையை என்னிடம் நீட்டினாள், பிடித்துக்கொள் என்பது போல. பிறகு அந்த எழுபத்திரண்டு வயது இடுப்பை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, வெள்ளை மணலில், பூத்திட்டுக்குப் பக்கத்தில், மெதுவாக மண்டியிட்டாள். மூக்கைப் பூவருகே கொண்டுபோனாள்.

"வாசன வருது," என்றாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "இத யாரும் எனக்குச் சொல்லலியே."

"எங்களுக்கே தெரியாதுக்கா. மணல் கெட்டுடும்னு நாங்க குனிஞ்சதில்ல."

"முட்டாளுங்க," என்றாள். இன்னொரு முறை முகர்ந்தாள். அப்படியே குனிந்தபடி கல்லைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினாள். "வில்னிஸ், கேட்டியாடா? உன் பொண்டாட்டி போறாளாம். நல்ல மனுஷனாத்தான் தெரியறான். பூவுக்குப் பயந்து நடக்கறான்." பிறகு இன்னும் தாழ்ந்து, "நீ போனதுலேந்து வருஷா வருஷம் இவ மெலிஞ்சிட்டே வந்தா. இந்த வருஷந்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கா," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடமாக அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது எதற்கு என்று நான் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெரிய புத்திசாலி என்று நானே சொல்லித் திரிந்ததற்கு எனக்கு வேண்டியதுதான்.

"வாயப் பொளந்துட்டு நிக்காத. தூக்கிவிடு," என்றாள் ஸெல்மாக்கா.

நான் ஒரு பக்கமும் லைமோனிஸ் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். எழுந்ததும் அவள் லைமோனிஸின் கையை உடனே விடவில்லை. சட்டைக் கையின் மடிப்பை விரலால் தடவி, தையல் கோணல் என்று சொன்னாள். கழற்றிக் கொடுத்தால் சரி பண்ணித் தருவதாகவும் சொன்னாள்.

பேண்டு செட் தொடங்கிவிட்டது. போதகர் ஈர அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலி வழியாக வந்துகொண்டிருந்தார். மணலில் அரைகுறைக் கோடு ஒன்று, என் செருப்புத் தடம், அவர் பூட்ஸ் தடம், நடுவில் ஸெல்மாக்காவின் இரண்டு முழங்கால் பள்ளம். எங்கள் வரிசையிலேயே கேவலமான மணல் அன்றைக்கு எங்களுடையதுதான். லைமோனிஸ் பழக்க தோஷத்தில் வாரியை நீட்டினார்.

"வேணாம்," என்றேன். "இப்பிடியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."